கேட்க விடாமல் கொடுத்தவன்

என் நண்பன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் பழகத் தொடங்கி, பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள், பெற்றோரின் மறைவு என்று முப்பது வருடத்துக்கும் மேலாகக் கூடவே இருந்தவன். அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அவனிடமிருந்து எதுவும் கிடைக்காது. அவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று சொன்னால் நாலு பேருக்குப் பயன்படும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேட்டால் கொடுக்கிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். இவன் கேட்கவே விடமாட்டான். வாய் வரைக்கும் வந்து விழுங்கிக்கொள்கிற அந்தத் தயக்கம் அவனுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் படிப்புச் செலவுக்காகப் பலர் வீட்டு வாசலில் நின்றவன். "பணம் கிடைச்சதெல்லாம் மறந்துபோச்சுடா. நின்னது மறக்கல" என்று ஒருமுறை சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அவன் செய்த ஒவ்வொரு உதவியிலும் அந்த வாசல் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

என் அப்பா மருத்துவமனையில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தீர்மானித்து, போன் எடுத்துப் பேசத் தெம்பு யாருக்கு இருக்கிறது? இவன் வந்தான். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தான். என்னை வெளியே கூப்பிட்டு, "ராத்திரி யாரு இருக்கா?" என்று கேட்டான். நான்தான் என்றேன். "இன்னைக்கு ஒன்பது மணிக்கு நான் வர்றேன். காலையில ஆறு மணி வரைக்கும் இருப்பேன். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. அம்மாவையும் கூட்டிட்டுப் போ." வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை, ஏனென்றால் அவன் கேட்கவில்லை, சொல்லிவிட்டான்.

ஒன்பது மணிக்குச் சரியாக வந்தான். சத்தம் வராத ரப்பர் செருப்பு, ஒரு போர்வை, நீளமான ஒயர் வைத்த சார்ஜர், ஒரு நோட்டு. காலையில் நான் போனபோது நோட்டில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். எத்தனை மணிக்குக் காய்ச்சல் எவ்வளவு, டிரிப் எப்போது மாற்றினார்கள், சிறுநீர் எவ்வளவு போனது, எந்த மாத்திரையைக் கொடுத்ததும் வாந்தி வந்தது, நர்ஸ் என்ன சொன்னார். கீழே ஒரு கோடு போட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். பெரிய டாக்டர் கட்டில் பக்கத்தில் நிற்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அந்த நேரத்தில் நமக்கு எதுவும் ஞாபகம் வராது. அந்தத் தாளை நீட்டியதும் அவர் நின்று படித்தார், கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அப்பா வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இதெல்லாம் ஒரே தாளில் எப்போதும் பர்ஸில் இருக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னான். "தலைமாட்டுல உட்காராதே. கண்ணைத் திறந்தா உன் முகம் தெரியற இடத்துல உட்காரு." நாற்காலியைக் கால்மாட்டுப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தான். நள்ளிரவில் அப்பா கண் விழித்துப் பார்க்கும்போது, ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மறுபடியும் தூங்கிவிடுவாராம். பேசக்கூட வேண்டியதில்லை.

யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு கஷ்டம் வந்தால், "ஏதாவது வேணுமா" என்று கேட்காதீர்கள். நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். "வியாழக்கிழமை பிள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன், சரியா?" இதற்குச் சரி என்று தலையாட்டினால் போதும். பகலில் பார்க்க வருகிறவர்கள் ஏராளம். இரவுக்குத்தான் ஆள் கிடைக்காது.

அவனோடு வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ போனால் உடனே திரும்பிவர முடியாது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை இவன் கண் எப்படியோ கண்டுபிடித்துவிடும். "எழுதத் தெரியாதா" என்று ஒருநாளும் கேட்கமாட்டான். "கண்ணாடி கொண்டு வரலையாங்க? குடுங்க, நான் எழுதறேன்" என்பான். எழுதி முடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. கைநாட்டு வைக்கிறவராக இருந்தால், மை தடவும்போது கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொள்வான். பல வருடம் கழித்துத்தான் எனக்கு அது புரிந்தது. யாரும் பார்க்காமல் அவர் விரலை வைக்கட்டும் என்றுதான் அப்படி நிற்கிறான்.

பணம் கொடுப்பதில் அவன் கறாரானவன். இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வள்ளல் என்றால் கணக்குப் பார்க்காதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் கொடுப்பதற்கு முன்னாலேயே மனதுக்குள் முடிவு செய்துவிடுவான், இது கடனா, சும்மா கொடுப்பதா என்று. சும்மா என்றால் அதோடு முடிந்தது, அந்தப் பேச்சே மறுபடி வராது. கடன் என்றால் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல். நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் இதே வழிதான். "எழுதினா கெட்டுப்போற உறவு எழுதாம விட்டா இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும்" என்பான். வாய்ப்பேச்சில் கொடுத்த பணத்தை ஒருவர் பாதி திருப்பிவிட்டதாக நினைப்பார், இன்னொருவர் எதுவுமே வரவில்லை என்று நினைப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோகும். எழுதி வைத்தால் அந்தக் கதையே இல்லை.

முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுவான். "பார்க்கலாம்", "அடுத்த வாரம் சொல்றேன்" கிடையாது. அவனை நம்பிக் காத்திருக்கிறவர் வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார், அது பெரிய பாவம் என்பது அவன் கணக்கு. ஜாமீன் கையெழுத்து விஷயத்திலும் அப்படித்தான். கடன் வாங்கியவர் கட்டவில்லை என்றால் முழுத்தொகையையும் ஜாமீன் போட்டவரிடம் கேட்கலாம், அசலை மட்டுமல்ல, ஏறின வட்டியையும் சேர்த்து. பலரும் அதை ஒரு சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். தன் கையிலிருந்து கட்ட முடிகிற தொகைக்கு மட்டும்தான் அவன் ஜாமீன் போடுவான். அதற்கு மேலே என்றால், "நான் போட முடியாது, ஆனா என்னால இவ்வளவு தர முடியும்" என்று ஒரு சின்னத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவான். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவன் அதற்காக மாறவில்லை.

எனக்கு அவனிடம் ரொம்பப் பிடித்தது வேறொன்று. அவனுக்கு வாங்கிக்கொள்ளவும் தெரியும். கொடுத்தே பழகியவர்களிடம் ஒரு சின்ன இறுமாப்பு வந்துவிடும். யாரிடமும் எதையும் வாங்கமாட்டேன் என்பார்கள், அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். இவனுக்கு நீங்கள் எதைக் கொடுத்தாலும் "எதுக்குடா இதெல்லாம்" என்று தள்ளமாட்டான். வாங்கிப் பிரித்துப் பார்த்து, சந்தோஷப்பட்டு, அடுத்த முறை பார்க்கும்போது அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பான். அவன் படிக்கவைத்த பையன் முதல் சம்பளத்தில் ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தான். நிறம் அவனுக்குப் பொருந்தவே இல்லை. முக்கியமான இடங்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். அந்தப் பையனிடம் போனில் இதை எப்படிச் செய்வது, அதை எப்படி அழிப்பது என்று வலியக் கேட்டுக் கற்றுக்கொள்வான். "எப்பவும் நானே கொடுத்துட்டிருந்தா அவன் எப்படா நிமிர்றது?" என்று என்னிடம் கேட்டான். ஒருவருக்கு உதவி செய்தால், அவரிடம் நீங்களும் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு வேலை, ஒரு யோசனை, ஏதாவது. அவர் உங்கள் முன்னால் கூனிக்குறுகி நிற்காமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த இடத்தில் இல்லாத ஒருவரைப் பற்றித் தப்பாகப் பேச்சு வந்தால் அவன் நிறுத்திவிடுவான். அதட்டவெல்லாம் மாட்டான். "அவன் வரட்டுமே, வந்ததும் பேசுவோம்" என்று சாதாரணமாகச் சொல்வான். பேச்சு தானாக அடங்கிவிடும். அவன் இருக்கிற இடத்தில் நம்மைப் பற்றியும் யாரும் தப்பாகப் பேச முடியாது என்ற நிம்மதி எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

பிளேட்லெட் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவனைப் பற்றிய பேச்சு நிறைவாகாது. இரத்த தானம் செய்கிறவர்கள் நிறைய பேர். பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவுகிற தட்டணு தானம், அவ்வளவாக யாருக்கும் தெரியாது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு அது அடிக்கடி தேவைப்படும். சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களைச் சாதாரண அறை வெப்பத்தில், தொடர்ந்து அசைத்துக்கொண்டே வைத்தாலும் பெரும்பாலும் 5 நாள்தான். அதனால் சேர்த்து வைக்க முடியாது, யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவன் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டான்.

ஜூன் 14 உலக இரத்த தான தினம். இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த நாள். அன்றைக்கு அவன் போகவே மாட்டான். "இன்னைக்குத்தான் நிறைய பேர் வருவாங்களே. ரெண்டு மாசம் கழிச்சு ஆள் இல்லாதப்போ போறேன்" என்பான். எல்லோரும் கொடுக்கிற நாளில் இல்லாமல், யாரும் வராத நாளில் கொடுப்பது. அவன் குணம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அவனோடு நானும் போக ஆரம்பித்தேன். ஒரு இயந்திரம் கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, தட்டணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியைத் திருப்பி உடம்புக்குள் அனுப்பும். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். நடுவில் உதட்டைச் சுற்றிக் குறுகுறு என்று மரத்துப்போன மாதிரி இருக்கும். முதல் தடவை நான் பயந்துவிட்டேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவன், "ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட்டுன்னு ஒண்ணு கலக்கறாங்கடா. அது உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும், அதான். நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லு, வேகத்தைக் குறைப்பாங்க" என்றான். சொன்னேன், குறைத்தார்கள், சரியாகிவிட்டது. கொடுக்க நினைப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அது தட்டணுக்களின் வேலையைக் கெடுத்துவிடும். சில நாள் கழித்து வரச் சொல்வார்கள்.

அவனிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. தன் உடம்பை அவன் கவனித்துக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் மருந்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தவன் தன் நெஞ்சில் வந்த அழுத்தத்தை வாயு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். வியர்த்துக் கொட்டியிருக்கிறது. தாடை வலிக்கிறது என்றும் சொல்லியிருக்கிறான். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருப்பது, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிற வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுவாங்கல், இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகக்கூட மாரடைப்பு வரலாம். வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிற ஆட்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் எல்லோருக்கும் ஓடுகிற ஒருவர் இருந்தால், அவர் கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனார் என்று கேளுங்கள். மழுப்புவார். நீங்களே நேரம் குறித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செய்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்து உறுதி செய்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்த அவன் மனைவி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, கண்ணு." அவ்வளவுதான். அவன் கண் தான உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தவில்லை. மனைவியிடமும் மகளிடமும் பலமுறை சொல்லிவைத்திருந்தான். அதுதான் முக்கியம். அட்டை மட்டும் போதாது, அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்தால்தான் நடக்கும். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அட்டை பீரோவில் அப்படியே கிடக்கும்.

மகள் கண் வங்கிக்குப் போன் செய்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினேன், காற்றில் கருவிழி உலர்ந்துவிடும் என்பதால். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்தேன். தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்துச் சற்று உயர்த்தினேன். டாக்டர் கொடுத்த இறப்புச் சான்றை எடுத்துத் தயாராக வைத்தோம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வந்தவர்கள் கொஞ்சம் இரத்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கண்ணாடி போடுகிறவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், எல்லோரும் கண் தானம் செய்யலாம். எச்.ஐ.வி., வெறிநாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றால் இறந்தவர்களின் கண்ணை எடுப்பதில்லை. கருவிழியில் இரத்தக் குழாய்கள் கிடையாது, அதனால் மற்ற உறுப்புகளுக்கு மாதிரி பொருத்தம் பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 1905-லேயே எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் கருவிழியை மாற்றிப் பொருத்திப் பார்வை கொடுத்துவிட்டார். யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்லமாட்டார்கள். அவனுக்கும் அதுதான் பிடித்திருக்கும். கொடுத்தவன் யார் என்று வாங்கியவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கும்போதே என்னை உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டியிருந்தான். எந்த வங்கியில் கணக்கு, காப்பீட்டு எண், வீட்டுப் பத்திரம் எங்கே, யாருக்கு அவன் எவ்வளவு தர வேண்டும், எல்லாம் ஒரே பக்கத்தில். அவனுக்கு வர வேண்டியவை பின்பக்கத்தில் இருந்தன. அதில் சில பெயர்களைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "கேட்க வேண்டாம்" என்று எழுதியிருந்தான். வருடா வருடம் அந்தத் தாளைப் புதிதாக எழுதுவான். அது இருந்ததால் அவன் மனைவி எந்த அலுவலகத்துக்கும் வீணாக நடக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முதல் சில நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் போங்கள். போகும்போது போனவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஒரு சம்பவத்தைக் கொண்டுபோங்கள். "நல்லவர்" என்று ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். வங்கியில் முதுகைக் காட்டி நின்ற கதையை நான் சொன்னபோது அவன் மகளுக்கு அது புதிது. அன்றிலிருந்து அவள் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். தேதி, இடம், சொன்னவர் பெயரோடு. அவன் தாமதமாக வந்து எரிச்சல் மூட்டியது, பிடிவாதம் பிடித்தது, எல்லாமே அதில் இருக்கிறது. அவற்றையும் எழுதச் சொன்னேன். குறையே இல்லாத ஒருவரைப் பேரப்பிள்ளைகளால் நம்ப முடியாது.

நண்பர்கள் நாங்கள் உட்கார்ந்து அவன் செய்துகொண்டிருந்தவற்றைப் பங்கு பிரித்துக்கொண்டோம். படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டார். அவனுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்த பையன் தட்டணு தானத்துக்குப் போகிறான், நானும் போகிறேன். மருத்துவமனை இரவுகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறோம். வருகிறவர் நோட்டு கொண்டுவர வேண்டும் என்றும், நாற்காலியைக் கால்மாட்டில் போட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.